ஒரு பட்டனை அழுத்தினால் புரதம் கொட்டுமா?

"ஜீன் வடிவமைப்பு மென்பொருளில் ஆப்டிமைஸ் பட்டனை அழுத்தினால் போதும், புரத விளைச்சல் நிச்சயம் கூடும்" என்று ஒரு பதிவு சுற்றி வருகிறது. இது பாதி உண்மை. அதனால்தான் இத்தனை பேர் நம்புகிறார்கள்.

உண்மையான பாதி இது: ஜீனின் மூன்றெழுத்துச் சொற்களான கோடான்கள் 64. அவற்றில் 61, புரதத்தின் கட்டுமானத் துண்டுகளான வெறும் 20 அமினோ அமிலங்களைக் குறிக்கின்றன. லியூசின் என்ற ஒரு அமினோ அமிலத்துக்கே ஆறு உண்டு. அதனால் புரதத்தை மாற்றாமலே கோடான்களை மாற்றி எழுதலாம்; ஆப்டிமைஸ் பட்டன் செய்வது அதைத்தான். ஈ.கோலை பாக்டீரியா அரிதாகப் பயன்படுத்தும் கோடான்களை மாற்றிவிட்டால் பல சமயம் பலன் கிடைக்கும்.

ஆனால் 'நிச்சயம்' என்பது தவறு. 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே பச்சை ஒளிர் புரதத்துக்கு 154 விதமாக ஜீன் எழுதி ஈ.கோலையில் போட்டுப் பார்த்தார்கள். புரதம் ஒன்றுதான், விளைச்சலிலோ 250 மடங்கு வரை வித்தியாசம்! அதற்குக் கோடான் தேர்வு காரணமாகத் தெரியவில்லை. ஜீனின் நகலான தூது ஆர்.என்.ஏ.வின் தொடக்கப் பகுதி எவ்வளவு இறுக்கமாக மடிந்திருக்கிறது என்பதே பெரிய காரணமாக இருந்தது. மடிப்பு இறுகினால், புரதம் தயாரிக்கும் ரைபோசோம் அதில் உட்காரவே திணறும்.

அப்புறம் இன்னொரு சிக்கல். குளூட்டாமிக் அமிலமும் பினைல்அலனினும் அடுத்தடுத்து வந்தால், மென்பொருள் ஜிஏஏ, டிடிசி என்று எழுதிவிடலாம். அதுதான் டி.என்.ஏ.வை வெட்டும் ஈகோஆர்1 நொதி வெட்டும் இடம். அதே நொதியை வைத்து குளோனிங் (ஜீனை வெட்டி வேறு டி.என்.ஏ.வில் ஒட்டும் வேலை) செய்பவரின் ஜீன் நடுவிலேயே துண்டாகும். ஜிஏஏவை ஜிஏஜி ஆக்கினால் சரி, புரதம் மாறாது. எந்த நொதியைத் தவிர்க்க வேண்டும் என்பதை மட்டும் முதலிலேயே மென்பொருளிடம் சொல்லியிருக்க வேண்டும்.