உட்ஸ்டாக் டிக்கெட் வாங்கப் போகிறீர்களா?

பழைய ராக் கச்சேரி டிக்கெட் சேர்ப்பவர்களில் பலருக்கு 1969-இல் அமெரிக்காவில் நடந்த உட்ஸ்டாக் ராக் இசை விழாவின் டிக்கெட் மீது ஒரு கண். கிழியாத டிக்கெட்டை 'அபூர்வம்' என்று சொல்லி விலையை ஏற்றுகிறார்கள். நம்பாதீர்கள். நியூயார்க் மாநிலத்தின் வால்கில் ஊரில் நடக்க வேண்டிய விழா அது. ஜூலை நடுவில் அங்கே தடை விழுந்ததும், ஒரே மாதத்தில் அதே மாநிலத்தின் பெத்தேல் ஊரில் மேக்ஸ் யாஸ்கர் என்பவரின் பண்ணைக்கு மாற்றினார்கள். வேலியே முடியவில்லை. கூட்டம் உள்ளே நிறைந்துவிட, இலவசம் என்று அறிவித்துவிட்டார்கள். முன்பதிவில் 18 டாலர் கொடுத்தவர்களின் மூன்று நாள் டிக்கெட்டைக் கூடக் கிழிக்க வாசலில் ஆளில்லை. வாசலில் விற்கவென்று அச்சடித்த 24 டாலர் டிக்கெட்டுகள் கட்டுக்கட்டாக மிஞ்சின. அதனால் கிழியாததுதான் இங்கே சாதாரணம்.

போலியும் ஏராளம். நகைக்கடையில் பயன்படுத்தும் 10 மடங்கு லென்ஸ் போதும். அசல் எழுத்தின் மை ஒரே சீராக இருக்கும்; வீட்டுப் பிரின்டரில் எடுத்த நகலில் பல நிறப் புள்ளிகள் சிதறித் தெரியும். வரிசை எண்ணைத் தனியாகப் பாருங்கள். எண் பொறிக்கும் கருவி அழுத்திய தடம் சில சமயம் பின்பக்கம் விரலுக்கே தட்டுப்படும். புற ஊதா விளக்கை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். காகிதத்தை வெளுப்பாக்கும் ஒளிர்பொருள் 1969-க்கு முன்பே புழக்கத்துக்கு வந்துவிட்டது, ஒளிர்ந்தாலே போலி என்றாகாது.

அதே ஆண்டு டிசம்பர் 6-இல் கலிபோர்னியாவின் ஆல்டமாண்டில் நடந்ததோ தொடக்கத்திலிருந்தே இலவசக் கச்சேரி. அதற்கு 'நுழைவுச் சீட்டு' என்று யாராவது நீட்டினால் விலைகூடக் கேட்காதீர்கள்.

என் கையில் காசு இருந்தால், பளபளக்கும் முழு டிக்கெட்டை விட்டுவிட்டு, தபாலில் வந்த உறையோடு சேர்ந்திருக்கும் கசங்கிய டிக்கெட்டைத்தான் எடுப்பேன். உறையில் தபால் முத்திரைத் தேதி இருக்கும், பெறுநர் ஊர் இருக்கும். வரலாறு அதில்தான் இருக்கிறது.

வாங்கியபின் கெடுப்பது பெரும்பாலும் நாம்தான். லேமினேஷன் செய்தால் தீர்ந்தது, பிரிக்க முடியாது. செல்லோ டேப் பழுப்பேறி காகிதத்துக்குள் இறங்கிவிடும். மலிவான பி.வி.சி. உறையிலிருந்து கசியும் பிளாஸ்டிசைசர் (பிளாஸ்டிக்கை மிருதுவாக்கச் சேர்க்கும் பொருள்) மையை இழுத்து ஒட்டிக்கொள்ளும். மைலார் எனப்படும் பாலியஸ்டர் உறையில், அமிலமற்ற அட்டை வைத்து, படுக்கை வாக்கில் வையுங்கள். நம் கடலோர ஊர்களின் ஈரத்துக்கு, மூடிய டப்பாவில் ஈரம் உறிஞ்சும், நிறம் மாறும் வகை சிலிகா ஜெல்லும் வேண்டும். நிறம் மாறியதும் அதை மாற்றிவிடுங்கள்.

பிற்காலத்து தெர்மல் காகித டிக்கெட்டுகள், அதாவது சூட்டால் எழுத்து பதியும் காகிதத்தில் வந்தவை, வேறு ரகம். வெயில் பட்டால் எழுத்து வெளிறும், சூடு பட்டால் முழுக்கக் கறுக்கும். போன எழுத்து திரும்பாது. கைக்கு வந்த அன்றே இரு பக்கமும் 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்துவிடுங்கள்.