'மின் பால்' 236

அம்மாவின் பாஸ்புக்கை மூன்றரை வருஷம் கழித்து என்ட்ரி போடக் கொண்டுபோனேன். மிஷின் நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தபோது எனக்குச் சந்தேகம் வந்தது. அந்தக் கணக்கில் அம்மா கை வைத்தே அத்தனை காலமாயிற்று, அடிப்பதற்கு என்ன இருக்கிறது? வெளியே வந்த பக்கங்களில் இரண்டே விதமான வரிகள். வட்டி வரவு, அதற்குக் கீழே 'மின் பால்' என்று 236 ரூபாய் பற்று. மறுபடி வட்டி, மறுபடி 236. மினிமம் பேலன்ஸைத்தான் அப்படிச் சுருக்கியிருக்கிறார்கள். "கரன்ட்டுக்கா, பாலுக்கா?" என்று கேட்டாள் அம்மா.

200 ரூபாய் அபராதம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 36 ரூபாய். காலாண்டுக்கு ஒன்றாகப் பதினான்கு தடவை. மொத்தம் 3,304 ரூபாய். ஆறாயிரத்துச் சொச்சம் இருந்த கணக்கு பாதியாகியிருந்தது.

கவுன்ட்டரில் இருந்த பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். "அது சிஸ்டமே ஆட்டோமேட்டிக்கா எடுத்துக்கும் சார், நாங்க ஒண்ணும் பண்றதில்ல" என்றார். உண்மைதான். அவர் எடுக்கவில்லை. யாருமே எடுக்கவில்லை. மழை பெய்த மாதிரி, பணம் தானாகப் போயிருக்கிறது. அம்மா அதற்குள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "விடுப்பா, போனாப் போகுது. நாளைக்கும் இதே பேங்குக்குத்தான வரணும்."

இந்த 'போனாப் போகுது'வின் கனம் எவ்வளவு தெரியுமா? 2019-20 முதல் 2023-24 வரையிலான ஐந்தாண்டுகளில், மினிமம் பேலன்ஸ் இல்லை என்று பொதுத்துறை வங்கிகள் மட்டும் சுமார் 8,500 கோடி ரூபாய் பிடித்ததாக 2024-இல் நாடாளுமன்றத்தில் அரசே சொன்னது. இத்தனைக்கும் ஸ்டேட் பாங்க் 2020 மார்ச்சிலேயே இந்த அபராதத்தைக் கைவிட்டுவிட்டது. கணக்கில் பணம் இல்லாதவர்களிடமிருந்து, பணம் இல்லை என்பதற்காகவே எடுத்த பணம் இது. இதைப் படித்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஆனால் வயிற்றெரிச்சலை மனுவாக எழுதினால் ஒரு பைசா திரும்பாது என்பதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

முதலில் நான் எழுதிய மெயில் அப்படித்தான் இருந்தது. வயதான பெண்மணி, சிறு சேமிப்பு, மனிதாபிமானம், இத்யாதி. மூன்றாம் நாள் பதில் வந்தது. வங்கியின் கட்டண அட்டவணைப்படியே பிடித்தம் செய்யப்பட்டுள்ளது, நன்றி, வணக்கம்.

நியாயமில்லை என்பதும் விதிமீறல் என்பதும் வேறு வேறு. மினிமம் பேலன்ஸ் எவ்வளவு என்று முடிவு செய்வது அந்தந்த வங்கியின் உரிமை என்று ரிசர்வ் வங்கி விட்டுவிட்டது. 2025 ஆகஸ்டில் ஐசிஐசிஐ வங்கி நகரங்களில் புதுக் கணக்குகளுக்கு அதை 50,000 ரூபாயாக உயர்த்தியபோதும் ரிசர்வ் வங்கி ஆளுநர் அதைத்தான் சொன்னார். ஊரே கூச்சல் போட்டபின் சில நாளில் அது 15,000 ஆனது. அதை இறக்கியது விதி அல்ல, கூச்சல். தனி ஆளாக நீங்களும் நானும் அப்படிக் கூச்சல் போட முடியாது. நம் கையில் இருப்பது, பிடிக்கும் விதத்துக்கு ரிசர்வ் வங்கி போட்டிருக்கும் வேலி மட்டும்தான்.

அந்த வேலி நாம் நினைப்பதைவிட உறுதியானது. 2015 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் விதிப்படி, இருப்பு குறைந்தால் வங்கி முதலில் எஸ்எம்எஸ், மெயில் அல்லது கடிதம் வழியாகச் சொல்ல வேண்டும். சரிசெய்யக் குறைந்தது ஒரு மாதம் தர வேண்டும். அப்புறம்தான் அபராதம். அதுவும் எவ்வளவு குறைகிறதோ அதற்கு ஏற்ற அளவில்தான். இந்த அபராதத்தாலேயே கணக்கு மைனஸில் போகவும் கூடாது. (சில வங்கிகள் மைனஸ் காட்டாமல் பாக்கியாக ஓரமாக எழுதிவைத்துக்கொண்டு, கணக்கில் பணம் விழுந்த அன்றே லபக்கென்று எடுத்துக்கொள்கின்றன. கெட்டிக்காரத்தனம்தான்.)

அம்மாவின் கணக்குக்குப் பொருந்தியது இன்னொரு விதி. வாடிக்கையாளர் தரப்பிலிருந்து இரண்டு வருஷத்துக்கு மேல் எந்தப் பரிவர்த்தனையும் இல்லாத கணக்கு செயல்படாத கணக்கு. அதில் மினிமம் பேலன்ஸ் அபராதம் பிடிக்கவே கூடாது. இது 2014 மே மாதத்திலிருந்தே இருக்கும் உத்தரவு. ஆக, பதினான்கில் கடைசி ஆறு காலாண்டுகள், அதாவது 1,416 ரூபாய், பிடித்திருக்கவே கூடாத பணம்.

இதைச் சொன்னதும் மேனேஜர் பாஸ்புக்கை வாங்கிப் பார்த்துவிட்டு, "வட்டி கிரெடிட் ஆகிட்டுதானே சார் இருக்கு, கணக்கு ஆக்டிவ்தான்" என்றார். அந்த வட்டியைப் போட்டது யார்? வங்கி. அபராதத்தை எடுத்தது யார்? வங்கி. இரண்டும் வாடிக்கையாளர் செய்த பரிவர்த்தனையாகக் கணக்கில் வராது என்பதும் விதியிலேயே இருக்கிறது. அதையும் சொன்னேன். "எழுதிக் குடுங்க, மேல அனுப்புறேன்" என்றார். இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அன்று போனேன். வாயால் கேட்டதற்கு எந்தத் தடயமும் கிடையாது. எழுதினால் புகார் எண் வரும், அந்தத் தேதியிலிருந்து முப்பது நாள் ஓட ஆரம்பிக்கும்.

முப்பது நாளுக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ, வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். 2021 நவம்பரிலிருந்து நாடு முழுவதற்கும் ஒரே திட்டம். சிஎம்எஸ் என்ற ரிசர்வ் வங்கியின் புகார் இணையதளத்தில் பதியலாம், 14448-இல் விவரம் கேட்கலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. வங்கியிடம் போகாமல் நேரே அங்கே போனால் மட்டும் எடுக்க மாட்டார்கள். அவசரப்பட்டு அப்படிப் பதிந்துவிட்டு, "ஆம்பட்ஸ்மேனும் அவனுங்க ஆளுதான்" என்று சலித்துக்கொள்பவர்கள் நிறைய. 'இந்தக் கட்டணமே ஜாஸ்தி' என்று எழுதினாலும் அது வங்கியின் வணிக முடிவு என்று ஒதுக்கிவிடுவார்கள். எந்தத் தேதியில், எவ்வளவு, எந்த விதிக்கு மாறாக. அவ்வளவுதான் எழுத வேண்டியது.

எனக்கு அதுவரை போக வேண்டியிருக்கவில்லை. இருபத்திரண்டாம் நாள் 1,200 ரூபாய் வரவாயிற்று. ஆமாம், 1,200. ஆறு அபராதத்தையும் திருப்பிவிட்டு, அதன் மேல் போட்ட ஜிஎஸ்டி 216 ரூபாயை அப்படியே வைத்துக்கொண்டார்கள். அபராதமே தப்பு என்று ஒத்துக்கொண்டபின் அதற்கான வரி மட்டும் எப்படிச் சரியாகும்? அதற்கும் ஒரு மெயில் போட்டேன். வீட்டில் எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். பதினோரு நாளில் 216-உம் வந்தது.

முதல் எட்டு காலாண்டுகள், 1,888 ரூபாய்? அது வரவில்லை. முன்னறிவிப்பு தரவில்லை என்று வாதாடிப் பார்த்தேன். எஸ்எம்எஸ் அனுப்பிய பட்டியலை எடுத்து நீட்டினார்கள். எல்லாம் அப்பாவின் பழைய நம்பருக்குப் போயிருக்கிறது. அந்த சிம் செத்து ஐந்து வருஷம். நம்பரை மாற்றாதது நாங்கள். அந்த இடத்தில் வங்கியின் பக்கம்தான் விதி இருந்தது, வாயை மூடிக்கொண்டு வந்தேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் கணக்கில் எந்த நம்பர் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

பார்க்கும்போது 436 ரூபாய் என்று ஒரு வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டுக்கான வருஷப் பிரீமியம். நல்ல திட்டம்தான், ஆனால் சேர்வதற்கு உங்கள் சம்மதம் வேண்டும். கையெழுத்துப் போட்ட நினைவே இல்லை என்றால் சம்மதப் படிவத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்தால், ஐந்து நாளுக்குள் வங்கி திருப்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய், நாம் கேட்காமலே தர வேண்டும். 2019 அக்டோபரிலிருந்து இதுதான் விதி. அபராதம் பிடிப்பதில் அவ்வளவு சுறுசுறுப்பான சிஸ்டம் இதில் எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் கமென்ட்டில் நீங்களே எழுதுங்கள்.

1,200 ரூபாயோடு வந்த மெயிலில் ஒரு வரி இருந்தது. உங்கள் நீண்டகால உறவைக் கருதி, நல்லெண்ண அடிப்படையில் இத்தொகையைத் திருப்பித் தருகிறோம் என்று. எடுத்தது சிஸ்டம், கொடுப்பது மட்டும் நல்லெண்ணம். நானும் மரியாதையாகவே பதில் எழுதினேன். 'நல்லெண்ண அடிப்படையில்' என்பதை 'விதிக்கு மாறாகப் பிடித்ததால்' என்று திருத்தி ஒரு மெயில் அனுப்ப முடியுமா என்று கேட்டிருக்கிறேன். 216 ரூபாய்க்குப் பதினோரு நாளில் பதில் சொன்னவர்கள், இதற்கு மட்டும் இரண்டு மாதமாக வாய் திறக்கவில்லை.