விழுந்த குதிரையும் சிரித்த சனமும்

நேற்றுப் பின்னேரத்தில் இருந்து போன் ஓயவில்லை. என்ன நடந்தது என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். இங்கிலாந்தின் பெரிய தடை தாண்டும் குதிரைப் பந்தய விழாவான 2025 மார்ச் செல்டனத்துக்குத் திங்கள் இரவு நான் எழுதிய முன்னோட்டத்தில், ஸ்டேட் மேன் என்ற குதிரையை எடுத்த ஒரு பந்தியை மட்டும் வெட்டி, அது நேற்று சாம்பியன் ஹேர்டில் ஓட்டத்தில் கடைசித் தடையில் விழுகிற வீடியோவோடு ஒட்டி, சிரிக்கிற முகங்களை வரிசையாக அடுக்கி எங்கட ஊர்ச் சங்கக் குழுவில் போட்டிருக்கிறார்கள். "நிபுணரின் குதிரை" என்று தலைப்பு வேறு. அதை எனக்கே அனுப்பி "பாத்தனியோ?" என்று கேட்கிறார்கள். ஓம், பார்த்தேன். விழுந்த குதிரையையும் பார்த்தேன், சிரித்தவர்களின் பெயர்களையும் பார்த்தேன். அதில் பாதிப்பேர் என் வீட்டில் சாப்பிட்டவர்கள்.

நான் எழுதுவது முன்னோட்டம். சாத்திரம் சொல்லவில்லை. எந்தக் குதிரை, எந்தத் தரை, எந்தத் தூரம், என்ன விலை, ஏன் எனக்கு அது பிடிக்கிறது என்று காரணத்தோடு எழுதுகிறேன். காரணம் பிழையென்றால் வந்து சொல்லுங்கள், இருந்து கதைப்போம். முடிவை மட்டும் காட்டிச் சிரிப்பது விமர்சனம் ஆகாது.

அந்தப் பந்தியில் என்ன இருந்தது என்று முழுதாக வாசித்தவர்களுக்குத் தெரியும். ஃபேவரிட், அதாவது எல்லாரும் வெல்லும் என்று நம்பிய கான்ஸ்டிட்யூஷன் ஹில் பெரிய குதிரை என்றுதான் தொடங்கினேன். 2023 சாம்பியன் ஹேர்டிலில் இதே ஸ்டேட் மேனை ஒன்பது நீள (ஒரு நீளம் என்றால் ஒரு குதிரையின் உடல் நீளம்) வித்தியாசத்தில் அடித்த குதிரை அது. ஆனால் விலை 1/2. பத்துப் பவுண் கட்டினால் ஐந்து பவுண்தான் மேலதிகமாக வரும். மூன்று தரம் ஓடினால் இரண்டு தரம் வெல்லும் என்பதுதான் அந்த விலைக்குள் இருக்கிற கணக்கு. சுகமில்லாமல் 2024 செல்டனத்துக்கே வராமல் போன குதிரை. இந்த ஜனவரியில் இதே மைதானத்தில் வென்றபோதுகூடக் கடைசித் தடையில் பிழை விட்ட குதிரை. அதை அந்த விலைக்கு என்னால் எடுக்க முடியாது என்று எழுதினேன்.

அடுத்தது பிரைட்டர்டேஸ்அஹெட். டிசம்பரில் அயர்லாந்தின் லெப்பர்ட்ஸ்டவுன் மைதானத்தில் முப்பது நீளத்தால் வென்ற பெண்குதிரை; ஸ்டேட் மேன் அன்று மூன்றாவதாகத்தான் வந்தது. "முப்பது நீளம் அடி வாங்கின குதிரையை எப்பிடி எடுக்கிறாய்?" என்று அப்போதே கேட்டார்கள். அதற்கும் அங்கேயே பதில் எழுதியிருந்தேன். அந்த ஓட்டத்தில் அதன் பயிற்சியாளர் கோர்டன் எலியட்டின் இன்னொரு குதிரை முன்னால் பறந்து வேகத்தைத் தூக்கிவிட்டது, மற்றவை எல்லாம் கலைந்து போயின. அப்படியான ஒரு ஓட்டத்தை வைத்து நடப்பு சாம்பியனைத் தள்ளிவிட முடியாது. பிப்ரவரியில் அதே மைதானத்தில் ஸ்டேட் மேன் ஐரிஷ் சாம்பியன் ஹேர்டிலைத் தொடர்ந்து மூன்றாவது வருடமும் வென்று திரும்ப வந்துவிட்டது. அதன் பயிற்சியாளர் வில்லி மல்லின்ஸ் மார்ச்சுக்கு ஏற்ற மாதிரிக் குதிரையைத் தீட்டி எடுப்பார் என்பது இந்த விளையாட்டைப் பார்க்கிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

நேற்று நடந்தது என்ன? ஃபேவரிட் ஐந்தாவது தடையில் விழுந்தது. பிரைட்டர்டேஸ்அஹெட் எடுபடவே இல்லை. ஸ்டேட் மேன் கடைசித் தடைக்குத் தெளிவான முன்னிலையில் வந்தது. அதன் ஜாக்கி பால் டவுனெண்டுக்குப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. ஒரு தடை, அதற்குப் பிறகு ஒரு ஏற்றம், அவ்வளவுதான் மிச்சம். அதில் விழுந்தது. பின்னால் வந்த கோல்டன் ஏஸ் 25/1 விலையில் (ஒரு பவுணுக்கு இருபத்தைந்து பவுண்) ஒன்பது நீளத்தால் வென்றது.

இதில் நான் எழுதிய எந்த வரி பிழை? ஃபேவரிட்டின் விலை குறைவு, அதன் தாண்டலில் சந்தேகம் என்றேன். பிரைட்டர்டேஸ்அஹெட்டின் டிசம்பர் ஓட்டத்தை அளவுக்கு மீறி நம்பாதீர்கள் என்றேன். கடைசித் தடையில் ஸ்டேட் மேன் முன்னால் இருக்கும் என்றேன். மூன்றும் நடந்தது. தடை தாண்டுகிற ஓட்டத்தில் தடை இருக்கும், தாண்டலும் இருக்கும், விழுகையும் இருக்கும். 2015 இல் இதே செல்டனத்தில் இதே மல்லின்ஸின் ஆனி பவர் கடைசித் தடையில் விழுந்து, அன்று நாலு குதிரைகளைச் சேர்த்துக் கட்டிய ஆயிரக்கணக்கானவர்களின் சீட்டுக் கிழிந்தது. அடுத்த வருடம் அதே குதிரை சாம்பியன் ஹேர்டிலை வென்றது. விழுந்த நாளில் அது கெட்ட குதிரையாக இருந்ததோ?

"அப்ப கோல்டன் ஏஸை ஏன் சொல்லேல்ல?" என்று ஒரு தம்பி கேட்கிறார். ஓடி முடிந்தபிறகு வென்ற குதிரையைச் சொல்கிற ஞானம் அவருக்கு வாய்த்திருக்கிறது, நல்லது. கோல்டன் ஏஸ் போன வருடம் இங்கேயே பெண்குதிரைகளுக்கான ஓட்டத்தில் பிரைட்டர்டேஸ்அஹெட்டை அடித்த குதிரை. அதன் பயிற்சியாளர் ஜெரமி ஸ்காட்டின் கொட்டில் சின்னது, உழைப்புப் பெரிது. ஜாக்கி லோர்கன் வில்லியம்ஸ் வெல்லும்போது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் விழுந்த இரண்டு குதிரைகளும் நின்று ஓடியிருந்தால் அது மூன்றாவது. இதை அந்தத் தம்பியும் அறிவார்.

எனக்கு இந்த வாசிப்பைக் கற்றுத் தந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர். லண்டனுக்கு வந்த புதிதில் தெற்கு லண்டனில் ஒரு பேப்பர் கடையில் காலை வேலை. விடியும் முன்னம் கட்டுக் கட்டாகப் பேப்பர் வந்து இறங்கும், பிளாஸ்டிக் நாடாவை வெட்டும்போது கை கிழியும். கடை திறந்ததும் முதல் ஆளாக வருவார், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். ரேசிங் போஸ்ட் என்ற குதிரைப் பந்தயப் பேப்பரை கவுண்டரிலேயே விரித்து, சிவப்புப் பேனையால் குறிப்பார். குதிரையின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிற இலக்கங்களையும் எழுத்துகளையும் எப்படி வாசிக்கிறது என்று அவர்தான் காட்டினார். இடப்பக்கம் பழையது, வலப்பக்கம் புதியது. நடுவில் கோடு வந்தால் பருவம் மாறியிருக்கிறது. எஃப் என்றால் விழுந்தது, யு என்றால் ஜாக்கி கீழே, பி என்றால் பாதியில் நிறுத்தியது. "எஃப்ஐப் பார்த்துப் பயப்படாதே, எங்கே விழுந்தது, விழும்போது எந்த இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது என்று தேடு" என்பார்.

2007 இல் செல்டனத்தின் கோல்ட் கப் ஓட்டத்துக்கு முன்னம் அவர் கௌடோ ஸ்டார் என்ற குதிரையை எடுக்கவில்லை. அந்தப் பருவம் முழுக்க அது கடைசித் தடையில் பிழை விட்டுக்கொண்டே வந்தது, இந்த விலைக்கு வேண்டாம் என்றார். ஓட்டத்தில் கௌடோ ஸ்டார் அதே மாதிரிக் கடைசித் தடையை மோதி உடைத்தது. ஆனாலும் வென்றது. அடுத்த நாள் காலை வந்து, "நான் வாசித்தது சரி. குதிரை நான் நினைத்ததைவிடப் பெரியது" என்று சொல்லிவிட்டு அன்றைய பேப்பரை வாங்கிக்கொண்டு போனார். அந்த மனிசனிடம் படித்தவன் நான். காசு வந்ததா போனதா என்று மட்டும் பார்க்கிற கூட்டத்திடம் பரீட்சை எழுத எனக்கு அவசியம் இல்லை.

விலை என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது சிலருக்கு விளங்கவில்லை போல. கறுத்தக் கொழும்பான் நல்ல மாம்பழம்தான். ஒரு பழம் இருபது பவுண் என்றால் வாங்குவீர்களோ? அவ்வளவுதான் விஷயம். நல்ல குதிரையா என்பது ஒரு கேள்வி. இந்த விலைக்கு நல்லதா என்பது வேறு கேள்வி. முன்னோட்டம் எழுதுகிறவன் இரண்டாவது கேள்விக்குத்தான் பதில் தேடுகிறான். வென்ற குதிரையை எடுத்தும் பிழையாக எடுத்திருக்கலாம். தோற்ற குதிரையை எடுத்தும் சரியாக எடுத்திருக்கலாம்.

இனி அடுத்த குற்றச்சாட்டு. "சனத்தைச் சூதாட வைக்கிறாய்." இதைச் சொன்னவர் வயதில் பெரியவர், மரியாதையோடு பதில் சொல்கிறேன். சூதால் அழிந்த குடும்பங்கள் எங்கட சனத்துக்குள் இருக்கின்றன. கடையை வித்து ஊருக்கே போய்விட்ட ஒருவரை எனக்கு நேரே தெரியும். அண்ணை, அவர் குதிரையில் இழக்கவில்லை. பெட்டிங் கடைக்குள் மூலையில் நிற்கிற மெஷினில் இழந்தார். 2019 வரைக்கும் அந்த மெஷினில் ஒரு சுற்றுக்கு நூறு பவுண் போடலாம், இருபது செக்கனுக்கு ஒரு சுற்று. 2019 ஏப்ரலில்தான் அதை இரண்டு பவுணுக்கு இறக்கினார்கள். 2020 இல் கிரெடிட் கார்டால் பந்தயம் கட்டுவதையும் நிறுத்தினார்கள். அந்த வருடங்களில் எங்கட பெடியள் அந்த மெஷினுக்கு முன்னால் நின்றபோது சங்கத்தில் யாராவது வாய் திறந்தார்களோ? ஆண்டு விழாவில் மேசை மேசையாக வந்து ரஃபிள் டிக்கெட் தந்தவர்கள் இன்று எனக்கு ஒழுக்கம் சொல்கிறார்கள்.

நான் யாரிடமும் ஒரு சதம் வாங்கியதில்லை. எந்தப் பெட்டிங் கம்பனியின் இணைப்பும் என் பதிவில் இருந்ததில்லை. ஒவ்வொரு முன்னோட்டத்தின் அடியிலும் "தொலைந்தால் மனம் நோகாத காசுக்கு மேல் கட்டாதீர்கள், கட்டாமல் பார்ப்பது இன்னும் நல்லது" என்று எழுதுகிறேன். வெட்டி எடுத்த படத்தில் அந்த வரி இல்லை. கவனமாகத்தான் வெட்டியிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டு நண்பர் ஒருவர் "இது முழுக்க அதிர்ஷ்டம்தானே" என்று எழுதியிருந்தார். உங்கள் மாநிலத்து வழக்கிலேயே, மெட்ராஸ் ரேஸ் கிளப் சம்பந்தப்பட்ட வழக்கில், 1996 இல் இந்திய உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் திறமையை நம்பியது என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. கிண்டியில் ஓடியது சமதளத்து ஓட்டம், இங்கே தடை தாண்டுவது. வாசிக்க வேண்டியது இங்கே இன்னும் கூட.

குதிரைக்கு இது கொடுமை என்கிறவர்களுக்கு: குதிரைகள் சாகின்றன, நான் மறைக்கவில்லை. அதனால்தான் போன வருடம் கிராண்ட் நேஷனல் என்ற பெரிய தடையோட்டத்தில் ஓடும் குதிரைகளை நாற்பதில் இருந்து முப்பத்து நாலாகக் குறைத்தார்கள். தடைகளில் இருந்த செம்மஞ்சள் நிறத்தைக் குதிரையின் கண்ணுக்குத் தெரிகிற வெள்ளையாக மாற்றினார்கள். போதாது என்றால் போதாது என்று எழுதுங்கள், நானும் கையெழுத்து வைக்கிறேன். ஆனால் குதிரையில் அன்பு வைத்த ஒருவரும் விழுகிற வீடியோவுக்குச் சிரிக்கமாட்டார்.

எனக்கு நொந்தது அதுதான். என்னைச் சொன்னது ஒரு பக்கம் கிடக்கட்டும். அந்த வீடியோவில் நிலத்தில் உருளுவது ஒரு மனிசன். அரைத் தொன் எடை உள்ள ஒரு மிருகம் அவருக்குப் பக்கத்தில் விழுகிறது. டவுனெண்டும் எழும்பினார், குதிரையும் எழும்பியது. எழும்பியது தெரியவர முதலே எங்கட ஆக்கள் சிரித்துவிட்டார்கள்.

போன மாதம் 6 ஆம் தேதி அயர்லாந்தில் தர்லஸ் மைதானத்தில் மைக்கல் ஓ'சலிவன் என்ற ஜாக்கி இப்படித்தான் விழுந்தார். 16 ஆம் தேதி இறந்து போனார். வயது 24. 2023 இல் இதே செல்டனத்தில் முதல் நாள், முதல் ஓட்டத்தில் மரீன் நாஷனேல் என்ற குதிரையை வெல்ல வைத்த பெடியன். அன்றைக்கே இன்னொன்றும் வென்றார். நேற்று விழாவின் முதல் ஓட்டத்துக்கு அவருடைய பெயரைத்தான் வைத்திருந்தார்கள். அந்த ஓட்டம் முடிந்து சில மணித்தியாலத்துக்குள் எங்கட குழுவில் ஒரு ஜாக்கி விழுவதைப் பார்த்து வரிசையாகச் சிரிப்பு.

இன்றைக்கு அதே மரீன் நாஷனேல் சாம்பியன் சேஸை வென்றது. ஷோன் ஃபிளனகன் ஓட்டினார். ஃபேவரிட் ஜோன்பன் இடையில் ஒரு தடையில் பெரிய பிழை விட்டது, மரீன் நாஷனேல் பதினெட்டு நீளத்தால் போய்விட்டது. வென்றபிறகு அங்கே நின்ற சனம் எல்லாம் அந்தப் பெடியனைத்தான் நினைத்தார்கள். நானும் வேலையிடத்தில் போனில் பார்த்துக்கொண்டு அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. திங்கள் எழுதிய முன்னோட்டத்தில் அந்தக் குதிரையும் இருந்தது. அந்தப் பந்தியை ஒருவரும் வெட்டி ஒட்டவில்லை. ஒட்டச் சொல்லியும் கேட்கவில்லை. அது வென்றதால் நான் பெரிய ஆள் ஆகவும் இல்லை, ஸ்டேட் மேன் விழுந்ததால் சின்ன ஆள் ஆகவும் இல்லை. இதைத்தான் நேற்றில் இருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"சும்மா பகிடிக்குப் போட்டது, ஏன் இவ்வளவு கோவம்?" என்று இன்று காலை ஒருவர் எடுத்தார். பகிடி என்றால் எனக்கு முன்னால் செய்யுங்கள், நான் இல்லாத குழுவில் ஏன்? கலியாண வீட்டில் "குதிரைக்காரன் வாறான்" என்று என் மகளுக்குக் கேட்கச் சொன்னபோதும் பகிடி என்றுதான் சொன்னீர்கள். அந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்து என்னைக் கேட்டாள், "அப்பா, நீங்கள் ஏதும் பிழை செய்யிறீங்களோ?" என்று. பகிடிக்காரர்களில் ஒருவர் வந்து அவளுக்குப் பதில் சொல்லட்டும்.

எழுதுவதை நிறுத்தமாட்டேன். வியாழன் இரவு வழக்கம்போல வெள்ளிக்கிழமை முன்னோட்டம் வரும். கலோபன் தே ஷாம்ப் என்ற குதிரை தொடர்ந்து மூன்றாவது கோல்ட் கப்பைத் தேடி வருகிறது. பெஸ்ட் மேட் என்ற குதிரை 2002 தொடக்கம் 2004 வரை தொடர்ந்து வென்றபிறகு அப்படி ஒன்று நடக்கவில்லை. அது வெல்லும் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் இப்போதுள்ள விலைக்கு எடுக்கமாட்டேன். இரண்டாம் மூன்றாம் இடத்துக்கு யார் என்றுதான் அதிகம் எழுதப் போகிறேன். காரணம் பிழை என்றால் கருத்துப் பெட்டி திறந்திருக்கும். நேற்றைய வீடியோவுக்குச் சிரித்தவர்களின் பெயர்களை இன்று இரவு என் நட்புப் பட்டியலில் இருந்து எடுக்கிறேன். சொந்தக்காரர் என்றாலும்தான்.