ரீட் 0 தந்தால் இணைப்பு முடிந்துவிட்டதா?

சி மொழியில் ப்ராக்ஸி (இரு முனைகளுக்கு நடுவே நின்று தரவைக் கடத்தும் நிரல்) எழுதுபவர்களிடம் ஓர் அறிவுரை சுற்றி வருகிறது: 'ரீட் 0 தந்தால் இணைப்பு முடிந்தது, இரண்டு சாக்கெட்டையும் உடனே க்ளோஸ் செய்துவிடு.' இது தவறு. அதனால் தரவு தொலைகிறது.

ரீட் என்பது சாக்கெட்டிலிருந்து, அதாவது இணைப்பின் நம் பக்க முனையிலிருந்து, தரவைப் படிக்கும் அழைப்பு. 0 என்றால் எதிர்முனை இனி எதுவும் அனுப்பாது, அவ்வளவுதான். அது இன்னும் வாங்கிக்கொண்டிருக்கலாம். டிசிபியில் இரு திசைகளும் தனித்தனியாக மூடப்படும்; 1981-இல் வந்த டிசிபியின் தர ஆவணமான ஆர்எஃப்சி 793-லேயே இது இருக்கிறது. ஓபன்பிஎஸ்டி வகை நெட்கேட்டை (இணைப்பில் தரவை அனுப்பிப் பெறும் கட்டளைக் கருவி) -N கொடுத்து ஓட்டிப் பாருங்கள். கோரிக்கையை அனுப்பி முடித்ததும் எழுதும் பக்கத்தை மட்டும் மூடிவிட்டு, பதிலுக்குக் காத்திருக்கும். அந்த நேரத்தில் ப்ராக்ஸி இரண்டையும் மூடினால் பதில் போய்ச் சேராது. அதிலும் பெறும் பஃபரில் (வந்த தரவு தங்கும் இடம்) படிக்காத பைட்டுகள் இருக்கும்போது க்ளோஸ் செய்தால், லினக்ஸ் ஃபின் (முறையான முடிவுச் செய்தி) அனுப்பாமல் ரீசெட் (இணைப்பை உடனே முறிக்கும் செய்தி) அனுப்பிவிடும்.

சரி, என்ன செய்வது? கையிலுள்ள பஃபரை மறுபக்கம் முழுவதும் எழுதுங்கள். அப்புறம் அந்தப் பக்கத்துச் சாக்கெட்டில் ஷட்டவுனை ஷட்_டபிள்யூஆர் (SHUT_WR, எழுதும் திசையை மட்டும் மூடு) கொடுத்து அழையுங்கள். 0 வந்த சாக்கெட்டில் எபோல்இன் (EPOLLIN) ஆர்வத்தை, அதாவது 'படிக்க ஏதாவது இருந்தால் சொல்' என்று லினக்ஸின் எபோலிடம் கேட்டிருப்பதை, எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் லெவல் ட்ரிக்கர் முறையில் (நிலை நீடிக்கும்வரை திரும்பத் திரும்ப அறிவிக்கும் முறை) அதே நிகழ்வு ஓயாமல் வந்து சிபியூவைத் தின்னும். இரு திசையும் முடிந்த பிறகே க்ளோஸ்.

எபோல் தரும் நிகழ்வுகளில் எபோல்ஆர்டிஹப் (EPOLLRDHUP), எபோல்ஹப் (EPOLLHUP) இரண்டும் ஒன்றல்ல. முதலாவது எதிர்முனை எழுதுவதை நிறுத்தியதற்கு; இரண்டாவது இரு திசையும் மூடப்பட்டதற்கு. எபோல்ஹப் வந்தாலும் பஃபரில் மிச்சம் இருக்கலாம். 0 வரும்வரை படியுங்கள்.

பதிலே அனுப்பாமல் தொங்கும் முனைக்கு டைம்அவுட் வையுங்கள்.