ரெசிக்னேஷன் லெட்டரை டைப் பண்ணி 11 மாசம் அனுப்பாம வெச்சிருந்தேன்

நேத்து ஒரு தம்பி இன்பாக்ஸ்ல வந்து, "அண்ணா, சைடு பிசினஸ்ல போன மாசம் என் சம்பளத்த விட ஜாஸ்தி வந்துருச்சு, பேப்பர் போட்டுறவா?"ன்னு கேட்டான். பதில் நீளமா போயிடுச்சு, அதான் இங்கயே போடுறேன்.

தம்பி, வந்தது விற்பனையா லாபமா? மெட்டீரியல், கூரியர், விளம்பரம், ரிட்டர்ன் வந்தது, வரி எல்லாம் போக கைல நிக்கிறது எவ்ளோன்னு பாரு. அதுலயும் உன் உழைப்புக்கு நீ கூலி போட்டிருக்க மாட்ட, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்து பேக் பண்ணதெல்லாம் கணக்குலயே வந்திருக்காது.

நான் துணிப்பை தைச்சு விக்க ஆரம்பிச்ச மூணாவது மாசமே பெரிய ஆர்டர் வந்துச்சு. அதே வாரம் ஆபீஸ்ல மேனேஜர் கூட சண்டை. அந்த கோவத்துலதான் லெட்டர் டைப் பண்ணேன். நல்லவேளை அனுப்பல. அந்த பார்ட்டி பணம் குடுக்க நாலு மாசம் இழுத்தாங்க, லாபம் பில்லுல மட்டும்தான் இருந்துச்சு, துணி வாங்குன கடனை என் சம்பளத்துல இருந்துதான் அடைச்சேன். அப்பதான் உறைச்சது, சம்பளம் என் வீட்டுக்கு மட்டும் இல்ல, பிசினஸுக்கும் அதுதான் ஒர்க்கிங் கேபிடலா, அதாவது அன்றாடம் தொழிலை ஓட்டுற பணமா இருந்திருக்கு.

அப்புறம் ஒண்ணு பண்ணோம். ஆறு மாசம் சம்பளத்த தனி அக்கவுண்ட்ல போட்டு தொடவே இல்ல, வீட்டுச் செலவு முழுக்க பிசினஸ் பணத்துல மட்டும். ரெண்டு மாசம் பத்தல, வீட்ல நிறைய பேச்சு வந்துச்சு. ஆனா எந்த மாசம் டல்லாகும், எவ்ளோ கையிருப்பு வேணும்னு எந்த எக்செல் ஷீட்டும் காட்டாதத அந்த ஆறு மாசம் காட்டுச்சு. மெடிக்கல் இன்சூரன்ஸுக்கு ஆபீஸ்ல கட்டுறது நின்னா நாம எவ்ளோ கட்டணும்னும் அப்பதான் விசாரிச்சேன்.

துணிஞ்சு குதிச்சாதான் ஜெயிக்க முடியும்னு சொல்றவங்க மேல எனக்கு நிஜமாவே கோவம் வரும். நைக்கி ஆரம்பிச்ச பில் நைட் 1964ல ஷூ விக்க ஆரம்பிச்சு 1969 வரைக்கும் அக்கவுண்டன்ட் வேலை, காலேஜ்ல பாடம் எடுக்குறதுன்னு சம்பளத்த விடாமதான் இருந்தாரு. ரஃபீ, ஃபெங்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 2014ல ஒரு ஆய்வு போட்டாங்க, வேலைல இருந்துக்கிட்டே ஆரம்பிச்சு பிறகு முழுநேரமா போனவங்க தொழிலை விட்டு வெளிய வர்ற வாய்ப்பு, நேரா குதிச்சவங்கள விட மூணுல ஒரு பங்கு கம்மியாம். அமெரிக்க டேட்டாதான், ஆனா என் அனுபவத்தோட ஒத்துப்போகுது.

அதுக்காக வருஷக்கணக்கா ரெண்டு பக்கமும் ஓடிக்கிட்டே இருக்கவும் முடியாது, உடம்பு தாங்காது, குழந்தைங்க முகம் பாக்க முடியாது, ஆபீஸ் வேலையும் அரைகுறையா போகும், அது சம்பளம் குடுக்குறவங்களுக்கு நாம செய்ற துரோகம்னு நான் நினைக்கிறேன்.

எனக்கு முடிவெடுக்க உதவுனது ஒரு சின்ன நோட்டு. ஆபீஸ் இருக்குறதால, நேரமில்லாம "முடியாது"ன்னு சொன்ன ஆர்டர் ஒவ்வொண்ணையும், அதுல என்ன லாபம் நின்னிருக்கும்னும் எழுதி வெச்சேன். மொதல்ல மாசம் ஒண்ணு ரெண்டுதான். போகப் போக பக்கம் நிறைய ஆரம்பிச்சது, அதுலயும் பாதிக்கு மேல ஏற்கனவே வாங்குனவங்க திரும்பி கேட்டது. தொடர்ந்து மூணு மாசம் அந்த விட்ட லாபம் என் சம்பளத்த தாண்டுச்சு. அதாவது வேலைல இருக்குறதுக்கு நான்தான் காசு குடுத்துக்கிட்டு இருந்தேன்.

அன்னிக்கு பழைய லெட்டரை திறந்தேன். கோவத்துல எழுதுன வரியெல்லாம் அழிச்சிட்டு, தேதிய மாத்தி, நோட்டீஸ் பீரியட் முழுசா இருக்கேன்னு சேத்து அனுப்புனேன்.

தம்பி, போன மாசம் எவ்ளோ வந்துச்சுன்னு சொன்ன. நேரமில்லாம எத்தன ஆர்டரை திருப்பி அனுப்புனன்னு சொல்லு, மீதிய பேசுவோம்.