கிச்சனுக்குள் கால் வைத்தது தவறே அல்ல

ஞாயிற்றுக்கிழமை நம் பிக்கிள்பால் ஆட்டத்தில் (வலைக்கு இருபுறமும் நின்று மட்டையால் பந்தை அடிக்கும் விளையாட்டு) மூன்றாவது களத்தில் நடந்ததை உங்களில் பாதிப் பேர் நேரில் பார்த்தீர்கள், மீதிப் பேர் குழுவில் சுற்றிய காணொளியில் பார்த்துவிட்டீர்கள் என்பதால் அதை முதலிலிருந்து விவரிக்கப் போவதில்லை. கிச்சனுக்குள், அதாவது வலையை ஒட்டிய பகுதிக்குள், நின்று பந்தை அடித்துப் புள்ளியை இழந்த ஓர் அக்காவின் 11 நொடிக் காணொளி, அதன் கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள், "அங்கேயே சமைத்து முடித்துவிட்டுத்தான் வருவார் போல" என்று ஒரு கருத்து. இரண்டு நாட்களாக எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து இன்று எழுதுகிறேன். நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான்: பிக்கிள்பால் ஆடப் புதிதாக வந்தவருக்கு ஒரு நேரத்தில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்ல வேண்டும், அதையும் பந்து ஓடிக்கொண்டிருக்கும்போது சொல்லக் கூடாது.

காணொளி தொடங்குவதற்கு முன்னால் நடந்ததை, அடுத்த ஆட்டத்துக்காகக் களத்தின் ஓரத்தில் காத்து நின்ற நான் முழுமையாகப் பார்த்தேன். எதிரணி அடித்த பந்து வலையின் மேல்விளிம்பைத் தொட்டு இந்தப் பக்கம் விழுந்து, கிச்சனுக்குள் தரையில் பட்டு எழுந்தது. அந்த அக்கா இரண்டே எட்டில் உள்ளே போய், அதைக் கீழிருந்து மெதுவாகத் தள்ளி வலைக்கு அந்தப் பக்கம் சேர்த்தார். ஆட வந்து மூன்று வாரமே ஆன ஒருவர் எடுத்த அருமையான பந்து அது. அந்த நொடியில்தான் அவருக்கு இணையாக ஆடிய அண்ணன் பின்னாலிருந்து, "கிச்சன், கிச்சன், வெளியே வாங்க, மட்டையைத் தூக்குங்க, முட்டியை மடக்குங்க" என்று ஒரே மூச்சில் கத்தினார். அக்கா நின்ற இடத்திலேயே உறைந்து, திரும்பி அவரைப் பார்த்தார். அதற்குள் அடுத்த பந்து நெஞ்சுக்கு நேராக வந்துவிட்டது. பயத்தில் மட்டையை நீட்டினார், பந்து பட்டது, கால்கள் இன்னும் உள்ளேயே இருந்தன, புள்ளி போயிற்று. காணொளி சரியாக அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது.

விதியையாவது தெரிந்துகொண்டு சிரித்திருக்கலாம். வலைக்கு இருபுறமும் 7 அடி வரை உள்ள அந்தப் பகுதிக்குள் நுழையக் கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை. அதற்குள் நின்றபடி பந்தை அந்தரத்தில் அடிக்கக் கூடாது என்பதுதான் விதி. கோடும் அந்தப் பகுதியைச் சேர்ந்தது. அந்தரத்தில் அடித்த வேகத்தில் தடுமாறி உள்ளே கால் வைத்தாலும் தவறு, அதற்குள் அந்தப் பந்து முடிந்துபோயிருந்தாலும் தவறு. ஆனால் தரையில் பட்ட பந்தை எடுக்கத் தாராளமாக உள்ளே போகலாம். அடுத்த பந்தை அந்தரத்தில் அடிக்க வேண்டுமானால் அதற்கு முன் இரு கால்களையும் வெளியே ஊன்றியிருக்க வேண்டும், அவ்வளவுதான். நாமோ முதல் நாளே "கிச்சனுக்குள் போகவே போகாதீர்கள்" என்று சொல்லிப் பயமுறுத்திவிடுகிறோம். அந்தப் பயத்தில், குட்டையாக விழும் பந்தைக் கோட்டுக்கு வெளியே நின்று இடுப்பை வளைத்துக் கையை மட்டும் நீட்டி வலையிலேயே அடிப்பவர்களிடம், ஏன் காலை நகர்த்தவில்லை என்று பிறகு நாமே கேட்கிறோம்.

அக்காவிடம் சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம்: "உள்ளே போய் எடுத்தது சரி, எடுத்ததும் பின்னால் வந்துவிடுங்கள்." அதை அந்தப் புள்ளி முடிந்த பிறகு, பந்தைப் பொறுக்கிக்கொண்டு திரும்பும் நேரத்தில், பக்கத்தில் போய்ச் சாதாரணக் குரலில் சொல்லியிருக்க வேண்டும். முட்டியும் மட்டையும் அடுத்த வாரம் வரை காத்திருக்கும். இரு அணியும் கிச்சன் கோட்டில் நிற்கும்போது நடுவே இருப்பது 14 அடிதான். அந்தத் தூரத்தில் வரும் பந்துக்கு நடுவே ஒருவர் நான்கு கட்டளைகளைக் காதில் வாங்கி, புரிந்துகொண்டு, உடம்பைத் திருத்திக்கொள்ள முடியுமா? நான்கு வருடம் ஆடியவராலும் முடியாது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் பல வருடம் பூப்பந்து (பேட்மிண்டன்) ஆடிவிட்டு இங்கே வந்தவன். இரண்டுக்கும் களத்தின் அளவு ஒன்றுதான், 20 அடிக்கு 44 அடி என்பதால், எல்லாம் தெரியும் என்ற நினைப்போடு வந்தேன். அங்கே 5 அடி உயரத்தில் இருந்த வலை இங்கே நடுவில் 34 அங்குலத்துக்கு இறங்கியிருந்தது. மணிக்கட்டைச் சுண்டி அடித்த என் பந்துகள் ஒன்று வலைக்குப் போயின அல்லது களத்துக்கு வெளியே போயின. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். பிடியை மாற்று என்றார் ஒருவர், மாற்றாதே என்றார் இன்னொருவர். ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, ஒரு பெரியவர் ஆட்டம் முடிந்ததும் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, மட்டையைப் பிடித்திருந்த என் விரல்களைத் தன் கையில் எடுத்துக் காட்டினார். நகங்கள் வெளுத்திருந்தன. "நகம் வெளுக்காமல் பிடித்துக்கொண்டு ஆடு தம்பி, மற்றதைப் பிறகு பார்க்கலாம்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பின் ஒரு மாதம் ஒவ்வொரு சர்வுக்கு முன்னாலும் நகத்தைத்தான் பார்த்தேன். பிடி தளர்ந்ததும் மணிக்கட்டு தானாக அடங்கியது, தோளிலிருந்து தள்ளும் அசைவு வந்தது, டிங்க் (வலைக்கு மேலே மெதுவாகத் தள்ளிவிடும் அடி) ஆடும்போது பந்து வலையைத் தாண்டிக் கிச்சனுக்குள் இறங்கத் தொடங்கியது. ஒரு சொல்லில் மூன்று குறைகள் போயின. இன்று நான் யாருக்காவது எதையாவது சொல்லிக்கொடுக்கிறேன் என்றால் அது அவர் கொடுத்த கைமாற்று.

"அப்படியானால் தவறைச் சுட்டிக்காட்டவே கூடாதா" என்று கேட்பவர்கள் வருவார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. தவறு நடந்தால் தவறு என்று அறிவிக்க வேண்டும், புள்ளியைக் கொடுக்க வேண்டும். புதியவர் என்பதற்காக விதியைத் தளர்த்துவது அவருக்கும் நல்லதல்ல. அறிவிப்பது வேறு, அந்த நேரத்திலேயே பாடம் நடத்துவது வேறு. சொல்லத்தான் வேண்டுமென்றால் "ஒன்று சொல்லலாமா" என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். சர்வ் வராமல் திணறுகிறவரிடம், பந்தைக் கையிலிருந்து அப்படியே கீழே விட்டு, அது தரையில் பட்டு எழுந்த பிறகு அடிக்க விதியில் இடமுண்டு என்று சொல்லிக்கொடுங்கள். அப்படி அடிக்கும்போது இடுப்புக்குக் கீழே படவேண்டும் என்பது போன்ற கட்டுப்பாடுகளும் இல்லை என்பதால் பாதி பயம் அன்றைக்கே தீர்ந்துவிடும். சர்வ் போட்ட அணி அவசரப்பட்டு முன்னால் ஓடக் கூடாது, திரும்பி வரும் பந்தும் தரையில் பட்ட பிறகே அடிக்க வேண்டும் என்பதை இன்னொரு நாள் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு ஒன்று.

"புதியவர்களால் ஆட்டத்தின் தரம் குறைகிறது" என்று எழுதியிருந்தவருக்கு: 1965-ல் பெயின்பிரிட்ஜ் தீவில் இந்த ஆட்டத்தைத் தொடங்கியவர்கள், பூப்பந்துக் களத்தில் மேசைப்பந்து மட்டைகளையும் துளையிட்ட பிளாஸ்டிக் பந்தையும் வைத்துக்கொண்டு, பொழுதுபோகாமல் இருந்த குடும்பத்தார் எல்லாரும் சேர்ந்து ஆடுவதற்காகத்தான் தொடங்கினார்கள். தரமான ஆட்டம் வேண்டுமென்றால் உங்களுக்குச் சமமான மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு தனியாக ஆடுங்கள், யாரும் தடுக்கவில்லை. "எங்களுக்கும் இப்படிக் கத்தித்தான் கற்றுக்கொடுத்தார்கள்" என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்றால், ஒருமுறை அப்படிக் கத்தியவன் நான். அப்போது எனக்கு ஒரு வருட அனுபவம், கூட ஆடியவர் என்னைவிட வயதில் மூத்தவர், ஆட வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. எதிரணி பந்தை அவர் தலைக்கு மேலே உயரத் தூக்கிவிட்டது. அதை எடுக்கச் சரியான வழி ஒரு பக்கமாகத் திரும்பி, தோளைக் காட்டி ஓடுவது. அது அவருக்குத் தெரியாது, நானும் அதுவரை சொல்லிக்கொடுத்ததில்லை. "பின்னால போங்க, பின்னால போங்க" என்று கத்தினேன். அவர் சொன்னபடியே, வலையைப் பார்த்தபடி, நின்ற வாக்கில் குதிகாலால் பின்னால் ஓடினார். மூன்றாவது எட்டில் நிலை தவறிப் பின்பக்கமாக விழுந்து கையை ஊன்றினார். மணிக்கட்டு முறிந்தது. அவர் இன்றுவரை என்னைக் குறை சொன்னதில்லை. ஆனால் அந்தக் குரல் என்னுடையது, பந்து வருவதற்கு முன் அமைதியான நேரத்தில் ஒரே ஒரு முறை திரும்பி ஓடக் காட்டிக்கொடுத்திருந்தால் அவர் விழுந்திருக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை அக்கா உறைந்து நின்றபோது எனக்கு அந்தச் சத்தம்தான் மறுபடி கேட்டது.

புதியவர்களுக்குக் களத்துப் பழக்கம் தெரியவில்லை என்று நாம் அடிக்கடி குறைப்படுகிறோம். அடுத்த களத்தில் பந்து ஓடிக்கொண்டிருக்கும்போது பின்னால் குறுக்கே நடக்கிறார்கள், பந்து உருண்டு வந்தால் "பந்து" என்று குரல் கொடுப்பதில்லை, சர்வுக்கு முன் புள்ளி எண்ணிக்கையைச் சொல்வதில்லை என்கிறோம். அவையெல்லாம் ஒரு மாலையில் படிந்துவிடும். நம் பழக்கத்தை யார் திருத்துவது? நம் பக்கத்துக் கோட்டருகே விழுந்த பந்து தெளிவாகத் தெரியவில்லை என்றால் அது உள்ளே விழுந்ததாகவே கொள்ள வேண்டும், சந்தேகத்தின் பலன் எதிரணிக்கே என்பது நாம் எல்லாரும் அறிந்த விதி. எதிரே புதியவர் நிற்கும்போது மட்டும் அந்தப் பந்துகள் எல்லாம் வெளியே போய்விடுவதை நான் ஒரு முறை அல்ல, பல முறை பார்த்திருக்கிறேன். எந்தக் கோட்டை எப்படிப் பார்ப்பது என்று தெரியாததால் அவர்கள் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த சர்வுக்குப் போகிறார்கள். அடுத்த ஆட்டத்துக்காக மட்டைகளை வைக்கும் வரிசையில் அவர்களுடைய மட்டைக்கு அடுத்து நம் மட்டை வந்தால், அதை எடுத்துப் பின்னால் வைப்பவர்களும் நம்மில் இருக்கிறார்கள். புதியவர்கள் அதைக் கவனிப்பதில்லை என்று நினைக்க வேண்டாம்; எல்லாவற்றையும் கவனிக்கிறார்கள்.

அந்த அக்கா நேற்று வரவில்லை. "எனக்கு இது சரிவராது போலிருக்கிறது தம்பி, முட்டி மடக்கவும் வரவில்லை, கிச்சனும் புரியவில்லை" என்று எனக்குச் செய்தி அனுப்பியிருந்தார். கிச்சன் அவருக்குத்தான் புரிந்திருந்தது. அவர் எடுத்த அந்த முதல் பந்தைப் பற்றி எழுதி அனுப்பினேன், படித்துவிட்டார், பதில் இல்லை.

காணொளியை எடுத்தவர் அதை இன்றே நீக்கிவிட வேண்டும். நீக்க மனமில்லை என்றால் வெட்டிப்போட்ட முன்பகுதியையும் சேர்த்துப் போடட்டும். அண்ணனிடம் எனக்குத் தனிப்பட்ட பகை எதுவும் இல்லை, அவருடைய பேக்ஹேண்டைப் பார்த்துக் கற்றவன் நான். அண்ணே, அக்கா உள்ளே போய் எடுத்தது சரியான பந்து என்று அதே குழுவில், உங்கள் பெயரில், நீங்கள் ஒரு வரி எழுதுங்கள். நான் சொன்னால் ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைப்பார், நீங்கள் சொன்னால் நம்புவார்.