கூரை கேரியர்தான் பெட்ரோலைக் குடிக்கிறது
‘சைக்கிள் எடை 12 கிலோதான், காரில் ஏற்றிப் போனால் பெட்ரோல் செலவு பெரிதாக அதிகரிக்காது’ என்கிறது சைக்கிளைக் காரில் கொண்டுபோவது பற்றிய ஒரு கட்டுரை. எடையா பிரச்சினை? காற்றின் எதிர்ப்புதான். கூரைமேல் இரண்டு சைக்கிள் நின்றால், நெடுஞ்சாலை வேகத்தில் லிட்டருக்கு 15 கி.மீ. தரும் கார் 12-க்கு இறங்கினாலும் ஆச்சரியமில்லை. சென்னையிலிருந்து ஏலகிரி போய்வர சுமார் 460 கி.மீ.; கூடுதலாக ஏழரை லிட்டர் போச்சு! பின் சீட்டை மடக்கி, முன்சக்கரத்தைக் கழற்றி, செயின் பக்கம் மேலே இருக்கும்படி உள்ளேயே படுக்க வையுங்கள். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் (திரவ அழுத்தத்தில் இயங்குவது) என்றால், சக்கரத்திலுள்ள டிஸ்க் தட்டை இருபுறமும் கவ்வும் பேடுகளுக்கு நடுவே மடித்த அட்டையைச் செருக வேண்டும். சக்கரம் இல்லாதபோது பிரேக் லீவர் அமுங்கினால் பேடுகள் நெருங்கிவிடும். அப்புறம் மலையடிவாரத்தில் டிஸ்க் உள்ளே நுழையாது. கேரியரை விட மனமில்லையென்றால், ஊர் திரும்பியதுமாவது கழற்றிவிடுங்கள், காலி கேரியரும் காற்றைப் பிடிக்கும்.